போய் மாத்திப்போட்டு வா

அவர் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை, "கழட்டு!"

மொன்றியலில், பார்க் எக்ஸ்டென்ஷனில் நாங்கள் குடியிருந்த மூன்று மாடிக் கட்டடத்தின் படிக்கட்டில் வைத்துச் சொன்னார். காலை நேரம். மேலே ஜக்கெட்டும் கீழே சாரமும் சப்பாத்துமாக, மூலையில் இருந்த தெப்பனர் கடைக்குப் பால் வாங்கப் போய்க்கொண்டிருந்தேன். நாலு படி கீழே, ஐம்பது வயது மதிக்கத்தக்க கட்டையான ஒரு பெண்மணி இரண்டு பக்கக் கம்பிகளையும் பிடித்தபடி வழியை மறித்து நின்றார். முகத்தைப் பார்த்தால் தமிழ் ஆள் இல்லை. பிலிப்பைன்ஸ்காரியாக இருக்கலாம் என்று நினைத்தேன். அந்த முகத்திலிருந்து சுத்தமான யாழ்ப்பாணத் தமிழ் வந்தது.

"கழட்டு! கெதியா கழட்டு!"

இப்படியான ஒரு நேரத்தில் ஒரு வீரன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியாது. நான் சாரத்தின் முடிச்சை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு "மெர்சி" என்றேன். பயம் வந்தால் என் தமிழும் இங்கிலீசும் ஒன்றாக ஓடிப்போய்விடும். மிஞ்சி நிற்பது பிரெஞ்சில் நன்றி என்ற அந்த ஒரு சொல்தான். ஒருமுறை என்னை நாய் துரத்தியபோதும் அதைத்தான் சொன்னேன்.

மேலே எங்கள் கதவு திறந்தது. என்னோடு அறையில் இருந்த அல்பிரட் அண்ணை எட்டிப் பார்த்தார்.

"ஆரடா அது? விடியக் காலமை உனக்கு இப்பிடியொரு அதிர்ஷ்டமோ?"

"அண்ணை, கீழ வாங்கோ! என்னை உரியப் பாக்கிறா!"

"எனக்கேன் பிரச்சினை," என்று கதவைச் சாத்திவிட்டார்.

அந்தப் பெண்மணி என் சாரத்தைச் சுட்டினார். "இது செத்த ஆள் துணி. போ. போய் மாத்திப்போட்டு வா!"

அப்போதுதான் விளங்கியது, பிரச்சினை என்னிடம் இல்லை, துணியில் என்று. லாசாலில் ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான்கள் பரப்பி வைத்திருந்தார்கள். அங்கே ஆசைப்பட்டு வாங்கிய துணி அது. மண்ணிறத்தில் முக்கோணம் முக்கோணமாகக் கோலம். ஓரத்தைத் தைத்துச் சாரமாக்கியிருந்தேன். அவருடைய ஊர் யாவாவில், சோலோ என்ற நகரம். அங்கே அந்த முக்கோணக் கோலம் செத்த வீட்டுக்கு உரியதாம். உயிர் போகிறவருக்கு வழி நெருக்கமில்லாமல் தாராளமாக இருக்கட்டும் என்று அதை எழுதுவார்களாம். நான் அதை உடுத்திக்கொண்டு கோழிக்கறி சமைத்திருக்கிறேன். அதை உடுத்திக்கொண்டு ரொறொன்ரோவில் இருந்த சித்தப்பாவோடு என் கல்யாணப் பேச்சுக் கதைத்திருக்கிறேன். அந்தச் சம்பந்தம் அன்று பின்னேரமே மூச்சை விட்டதன் காரணம் இப்போது தெரிந்தது.

மாற்றிவிட்டு வந்தேன். அவர் அந்தத் துணியை வாங்கி, தையலைப் பிரித்து, மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அக்கா, அது என்ர. எப்ப திருப்பித் தருவியள்?"

"பேந்து தாறன். நீ செத்தாப் பேந்து."

இன்றுவரை தரவில்லை. ஆகவே அவருடைய சட்டப்படி நான் இன்னும் சாக ஏலாது.

எங்கள் கட்டடத்தில் அவருக்கு யாவா அக்கா என்று பேர். மஞ்சள் பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். அவருடைய தமிழ் முழுக்க அந்த பஸ்ஸின் முன்கதவால் உள்ளே வந்தது. ஒவ்வொரு மூலையிலும் நின்ற எங்கள் தாய்மார், பிள்ளைகளை ஏற்றிவிடும்போது போட்ட சத்தத்தை அப்படியே பிடித்து வைத்திருந்தார். ஏறு, இரு, ஓடாதை, கத்தாதை, மூக்கைத் துடை, தொப்பியைப் போடு, கெதியா வா ராசா. இதுதான் அவருடைய முழு இலக்கணம். கட்டளைதான் அதிகம் இருக்கும். மரியாதைப் பன்மை மருந்துக்கும் கிடையாது. நீண்ட விளக்கம் தேவைப்பட்டால் இங்கிலீசையும் பிரெஞ்சையும் கலந்து ஊற்றுவார். ஆனால் மனசுக்கு நெருக்கமான சங்கதி எல்லாம் தாய்மாரின் தமிழில்தான் வரும். எங்கள் தமிழ்க் கத்தோலிக்கச் சுவாமியார் ஒருமுறை வீடு மந்திரிக்க வந்தபோது அவரிடமே, "இரு ராசா, ஓடாதை," என்றார். சுவாமியார் சிரித்துக்கொண்டே இருந்தார். கதிரையில் இருந்த பிறகும் அக்கா சும்மா விடவில்லை. பூசை உடுப்பின் விளிம்பைப் பிடித்துத் திருப்பி மறுபக்கத்தைப் பார்த்தார்.

அது அவருடைய வியாதி. யாருடைய உடுப்பைக் கண்டாலும் விளிம்பைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அவர்களுடைய நல்ல பத்திக் துணி கையால் எழுதுவது. மூக்கு வைத்த சின்னச் செப்புக் கிண்ணியால் சுடுமெழுகை ஊற்றி ஊற்றிக் கோலம் போட்டு, சாயத்தில் தோய்த்து, பிறகு மெழுகைக் கொதிநீரில் கழற்றுவது. மெழுகு இருந்த இடத்தில் சாயம் பிடிக்காது. கைகாரி துணியின் இரண்டு பக்கமும் மெழுகு போடுவாள். ஆகவே முன்பக்கம், பின்பக்கம் என்று ஒன்று கிடையாது. மெஷினில் அச்சடித்ததென்றால் பின்பக்கம் வெளிறிக் கிடக்கும். மெட்ரோவில் ஒருநாள், முன்னால் நின்ற ஒரு கனவானின் சட்டை வாலை அக்கா மெல்லத் தூக்கினார். நான் அடுத்த பெட்டிக்கு ஓடிவிட்டேன். அந்தக் கனவானை எனக்குத் தெரியாது, அக்காவையும் தெரியாது.

நான் பெருமையாகப் போட்டுத் திரிந்த இலங்கைப் பத்திக் சேர்ட்டையும் திருப்பினார். முதுகில் இரண்டு யானை நிற்கும் சேர்ட்.

"அச்சு!" என்றார். மாட்டின் பல்லைப் பார்த்த தரகர் மாதிரி.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. "அக்கா, எங்கட நாட்டிலயும் பத்திக் இருக்கு!"

"ஆர் தந்தது? ஒல்லாந்தக்காரன் கப்பலில கொண்டுவந்தது. என்ர ஆக்களிட்டை எடுத்து."

"அப்ப கேளுங்கோ. என்ர ஊர் சாவகச்சேரி. சாவகர் குடியிருந்த சேரியாம் அது. சாவகர் எண்டால் ஆர்? உங்கட யாவாக்காரர்! பள்ளிக்கூடத்தில சொல்லித் தந்தவை."

நான் அவரை மடக்கியதாக நினைத்தேன். அவருடைய கண் இரண்டும் பஸ்ஸின் முன்விளக்குப்போலப் பற்றிக்கொண்டன.

"அப்ப அது என்ர ஊர்! நீ வெளியால போ!"

அதன் பிறகு என் ஊர்ச் சங்கதி எல்லாம் அவர் கேட்பார். சந்தை எப்படி, மழை பெய்ததா, தேங்காய் காய்த்ததா என்று, காணிக்குச் சொந்தக்காரி கேட்பதுபோல. அவருக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. தான் வென்ற பிறகு உண்மையை மறைக்க மாட்டார். தன் குடும்பத்திலேயே மிகப் பழைய துணி யாவாவில் எழுதியது அல்ல, கப்பலில் தமிழ்க் கரையிலிருந்து வந்த பூத்துணி என்றும், கொள்ளுப்பாட்டி அதைக் கல்யாணத்துக்கு மட்டும் வெளியே எடுப்பார் என்றும் அவரே சொன்னார். அதைக் கேட்டு நான் படிக்கட்டில் ஒரு சின்ன ஆட்டம் ஆடினேன். அவரும் கூட ஆடினார். கீழ்வீட்டுக் கிரேக்கக் கிழவர் விளக்குமாற்றால் கூரையில் இடித்தார்.

ஒரு ஞாயிறு, இந்தியக் கடையில் பூந்திக்கொட்டை கண்டு வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அவர்கள் நாட்டிலும் பத்திக் துணிக்குச் சவர்க்காரம் ஆகாதாம், அந்தக் கொட்டையின் நுரைதானாம். மொன்றியல் முழுக்கத் தேடித் திரிந்திருக்கிறார், பக்கத்துத் தெருவில் இருந்தது தெரியாமல். அந்தச் சந்தோசத்தில் பெட்டியைத் திறந்தார்.

அதுவரை நான் துணி பார்த்ததில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சோபா, மேசை, குளிர்பெட்டி, என் தோள் என்று எல்லாவற்றிலும் விரித்தார். மெழுகு மணமும் ஏதோ மரப்பட்டை மணமும் சேர்ந்து வந்தது. சரிந்து ஓடும் கத்தி வரிசை ஒன்று: முந்தி அரண்மனைக்கு வெளியே ஒருவரும் உடுக்கக்கூடாதாம். அதைக் கல்யாணத்துக்கு உடுத்தால் மாப்பிள்ளையும் பொம்பிளையும் வாழ்நாள் முழுக்கக் கத்திச் சண்டைதானாம். இன்னொன்றைக் கண்டதும் நான் கத்தியே விட்டேன்.

"அக்கா! நுங்கு!"

நுங்கைக் குறுக்கே வெட்டி வைத்ததுபோல வட்டம் வட்டமாக. அது அவர்கள் நாட்டுப் பனையின் காய். எங்கள் நுங்குக்கு மூன்று கண், அவர்களுடையதுக்கு நாலு. எண்ணிப் பார்த்து இருவரும் சிரித்தோம். வீட்டுக்கும் ஆகும், விருந்துக்கும் ஆகும், தான் எங்கேயும் விருந்தாளியாகப் போனால் அதுதான் என்றார்.

கடைசியாக ஒன்று. கருநீலத்தில் பொடிப்பொடியாக வெள்ளிகள். வானத்து நட்சத்திரங்களைப் பார்த்தபடி ஒருத்தி எழுதியிருக்கிறாள். அதை விரிக்கவில்லை, ஒரு மடிப்பை மட்டும் தூக்கிக் காட்டினார். ராசா கவனியாமல் விட்ட ஒரு ராணி, தனிமையில் வெள்ளிகளைப் பார்த்துப் பார்த்து எழுதியதாம். எழுதி முடிவதற்குள் ராசாவுக்கு ஆசை திரும்பிவிட்டதாம். கல்யாண வீட்டில் அந்தக் கோலத்தை மாப்பிள்ளை பொம்பிளையின் தாயும் தகப்பனும் மட்டும் உடுக்கலாம். மாமி, பெரியம்மா, அயல்வீட்டுக்காரி எவரும் தொடக்கூடாது. தொட்டால் ஊர் சிரிக்கும்.

"நீங்கள் உடுத்திருக்கிறியளோ?"

"எனக்குப் பிள்ளை இல்லை," என்றார் இங்கிலீசில், 'இன்றைக்கு பஸ் இல்லை' என்பதுபோல. பிறகு மடிப்பை மாற்றி மடித்தார். ஒரே மடிப்பில் கிடந்தால் அந்த இடம் அறுந்துவிடும். ஆகவே ஒவ்வொரு கோடையும் காற்றுப் பிடிக்க விட்டு, மாற்றி மடித்துப் பெட்டியில் வைப்பார். ஊரையெல்லாம் படியில் மறித்துத் திருப்பி அனுப்புகிற சட்டம் அவரையும் மறித்து நிற்கிறது என்று அப்போது ஒரு கணம் பட்டது. நான் உடனே ஒரு பகிடி விட்டேன். என்ன பகிடி என்று மறந்துவிட்டது. நல்ல பகிடியாக இருந்திருக்காது.

2009 இலையுதிர்காலத்தில், அவர்கள் நாட்டுப் பத்திக்கை உலகத்தின் பாரம்பரியம் என்று அறிவித்த செய்தி வந்த அன்று அவருடைய கூத்தைப் பார்த்திருக்க வேண்டும். கட்டடத்தின் எல்லாக் கதவையும் தட்டினார். "எழும்பு! உலகம் சொல்லிப்போட்டுது! போடு! இண்டைக்கு எல்லாரும் போடு!" அல்பிரட் அண்ணை பல் துலக்கிய வாயோடு கழுத்தில் ஒரு சால்வையுடன் வெளியே வந்தார். பஸ்ஸில் போன பிள்ளைகளின் தலையில் எல்லாம் பத்திக் துண்டு. நானும் என் மனைவியும் மூலையில் நின்று கை காட்டினோம். பஸ் நிறையச் சின்னக் கடற்கொள்ளைக்காரர் போனார்கள். ஓட்டியவர் ஹோர்ன் அடித்துக்கொண்டே போனார்.

மனைவி என்று சொல்லிவிட்டேன். அவளை நான் கைப்பிடித்தது அதற்குச் சில வருடங்களுக்கு முந்தி, ஒரு தை மாதத்தில்.

ஜெசிந்தா மன்னார்க்காரி. தாய் தகப்பனோடு ரொக்ஸ்பரோவில் இருந்தாள். அவளுடைய தகப்பன் நேரமும் ஒழுங்கும் தவறாத மனிதர். அவருக்கு ஒரு பிடிவாதம்: மாப்பிள்ளை கோயிலுக்குள் தனியே வரக்கூடாது. தாயோ, தாயின் இடத்தில் ஒரு ஆளோ கைபிடித்துக் கூட்டி வரவேண்டும். "ஆளில்லாத பெடியனுக்கு என்ர பிள்ளையைக் குடுத்ததெண்டு ஊர் கதைக்கக் கூடாது, தம்பி." என் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் விசா மறுத்துவிட்டார்கள். அந்த இடத்துக்கு ரொறொன்ரோவிலிருந்து சித்தப்பாவும் சித்தியும் வருவதாக ஏற்பாடு.

அழைப்பிதழ் கொடுத்தபோது யாவா அக்கா திகதியைப் பார்க்கவில்லை. "என்ன உடுப்பு?" என்றார். கோட் என்றேன். கொண்டுவரச் சொல்லித் திருப்பிப் பார்த்தார். வெளியே சாம்பல் நிறம், உள்ளே பளபளவென்று ஊதா லைனிங்.

"உள்ளுக்கு வேற, வெளியால வேற!" முகத்தைச் சுளித்தார். "போய் மாத்திப்போட்டு வா."

மாற்றவில்லை. வாடகைக் கோட்டை எப்படி மாற்றுவது? தான் நுங்குத் துணி உடுத்திக் கோயிலின் கடைசி வாங்கில் இருப்பதாகச் சொன்னார். விருந்தாளிக்கு அது போதும்.

கல்யாண நாள் விடிந்தபோது ஜன்னலுக்கு வெளியே ஊரைக் காணவில்லை. இரவு முழுக்கப் பனி கொட்டியிருந்தது. வீதி துப்புரவாக்கும் யந்திரம் வந்து, அத்தனை பனியையும் மாப்பிள்ளைக் கார் என்று நாங்கள் பூக்கட்டி வைத்திருந்த அல்பிரட் அண்ணையின் காருக்கு மேல் அள்ளிவிட்டுப் போயிருந்தது. வெளியே தெரிந்தது ஒரு பூ மட்டும்.

"பதறாதை," என்றார் அல்பிரட் அண்ணை. அவர்தான் மாப்பிள்ளைத் தோழன். "யாவா அக்காவின்ர கார் பின்பக்கம் நிக்குது. கேட்டிட்டன். வாறா."

நான் பதறவில்லை. ஒரு காலில் சப்பாத்தும் மறு காலில் செருப்புமாக கட்டடத்தின் கீழ் வாசலில் நின்றுகொண்டிருந்தேன், அவ்வளவுதான். அப்போது கைத்தொலைபேசி அடித்தது. சித்தப்பா.

"தம்பி, றோட்டை மூடிப்போட்டாங்கள். நானும் சித்தியும் கிங்ஸ்ரனில ஒரு கோப்பிக்கடையில இருக்கிறம்."

"சித்தப்பா, அப்ப ஆர் என்னைக் கூட்டிக்கொண்டு போறது?"

"அந்தோனியாரை மன்றாடு."

"அந்தோனியார் காணாமல்போன சாமானுக்கெல்லோ!"

"நாங்கள் காணாமல்தானே போயிருக்கிறம்," என்று வைத்துவிட்டார்.

அந்தச் சூடு ஆறமுதல் மாமனாரின் அழைப்பு வந்தது. "தம்பி, சுவாமி கேக்கிறார், எத்தினை மணிக்கு வாறியள் எண்டு. அவருக்குப் பேந்து வேற பூசை இருக்காம். உங்கட பக்கத்தில ஆர் கூட்டிக்கொண்டு வருகினம்?"

"வருகினம், மாமா," என்றேன். "வந்துகொண்டிருக்கினம்." என் குரல் எனக்கே ஒரு ஆட்டுக்குட்டி இரவல் கொடுத்ததுபோலக் கேட்டது.

திரும்பினால் படியில் யாவா அக்கா. நுங்குத் துணி, மேலே தடித்த குளிர் ஜக்கெட், கையில் கார்த் திறப்பு. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். என்னைப் பார்த்தார். தன் துணியைக் குனிந்து பார்த்தார். திரும்பி மேலே ஏறத் தொடங்கினார்.

"அக்கா! எங்க போறியள்?"

"மாத்திப்போட்டு வாறன்."

"இப்பவோ! அக்கா, நேரம் போகுது! அந்தத் துணிக்கு என்ன குறை? நுங்கு நல்லாத்தானே இருக்கு! நாலு கண் நுங்கு! ஐயோ, அண்ணை, சொல்லுங்கோவன்!"

கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. யாவாக்காரி துணி உடுப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. சுற்றி, இறுக்கி, முன்மடிப்பு எடுத்து, அது நிமிர்ந்து நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த நேரத்துக்குள் நான் படியில் ஏறி இறங்கி, கையில் இருந்த பூச்செண்டின் பாதி இதழைப் பிய்த்து, கல்யாணம் நின்றுபோய், சாவகச்சேரிக்குத் திரும்பி, தனிக்கட்டையாகக் கிழவனாகி, கடைசியில் அந்த முக்கோணத் துணிக்காக அக்காவுக்குக் கடிதமும் போட்டுவிட்டேன். எல்லாம் மனதுக்குள்தான். அல்பிரட் அண்ணை மட்டும் ஆறுதலாக என் மற்றச் சப்பாத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

அக்கா இறங்கி வந்தார். ஜக்கெட் முழங்காலுக்கு மேல் எல்லாவற்றையும் மூடியிருந்தது. நான் எதையும் பார்க்கும் நிலையில் இல்லை.

"ஏறு!" என்றார்.

அவருடைய சின்னச் சிவப்புக் காரையும் அவர் பஸ் மாதிரித்தான் ஓட்டுவார். திருப்பம் ஒவ்வொன்றிலும் கண்ணாடியில் எங்களை எண்ணிப் பார்ப்பார். இருந்ததே இரண்டு பிள்ளைகள். ரொக்ஸ்பரோ பக்கம் றெயில் கடவை வந்தது. தடுப்பு மேலே தூக்கித்தான் கிடந்தது, கண்ணுக்கெட்டிய தூரம் றெயில் இல்லை. பள்ளிக்கூட பஸ் என்றால் அங்கே நின்றுதான் போகவேண்டும். இது கார். அக்கா நிறுத்தினார். நிறுத்தி, தன் பக்கக் கதவையும் திறந்தார், றெயில் வரும் சத்தம் கேட்கிறதா என்று.

"அக்கா, இது பஸ் இல்லை!" நான் அழாக்குறை.

"கத்தாதை. இரு."

திறந்த கதவால் குளிரும் பனியின் வெளிச்சமும் ஒன்றாக உள்ளே பாய்ந்தன. காது கொடுப்பதற்காக அக்கா ஒரு காலை வெளியே வைத்திருந்தார். பனிச் சப்பாத்து. அதற்கு மேல் ஜக்கெட் விலகிய இடத்தில், கருநீலத்தில் பொடிப்பொடியாக வெள்ளிகள். ஒவ்வொரு வெள்ளியும் தெரிந்தது. பழைய மடிப்புக் கோடுகள்கூடத் தெரிந்தன.

நான் பூச்செண்டைப் பிய்ப்பதை நிறுத்தினேன். பின்னால் இருந்த அல்பிரட் அண்ணையும் கண்டிருக்க வேண்டும். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு மற்றப் பக்க ஜன்னலைப் பார்த்தார்.

"அக்கா," என்றேன், "இது அந்த..."

"கதையாதை. றெயில் கேக்குதோ பார்."

கேட்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டினார்.

கோயில் வாசலில் மாமனார் மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றார். அக்கா இறங்கி, ஜக்கெட்டைக் கழற்றிக் காருக்குள் எறிந்தார். அந்தக் குளிரில், மேலே மெல்லிய வெள்ளைச் சட்டையும் கீழே அந்த வெள்ளிகளுமாக நின்றார். முன்மடிப்பு நிமிர்ந்து நின்றது. பிறகு என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். சாம்பல் கோட், ஊதா லைனிங், பாதிப் பூச்செண்டு. போய் மாத்திப்போட்டு வா என்று சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"சப்பாத்தைத் தட்டு," என்றார். "மூக்கைத் துடை. நிமிர்."

தட்டினேன். துடைத்தேன். நிமிர்ந்தேன்.

எங்கள் தாய்மார் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றுமுன் ஒன்று செய்வார்கள். நெற்றியில் பெருவிரலால் ஒரு சிலுவை. ஒவ்வொரு விடியலும் அந்தக் கதவடியில் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் அவர். கையுறையைக்கூடக் கழற்றாமல், என் நெற்றியில் மேலிருந்து கீழே ஒன்றும் குறுக்கே ஒன்றுமாகக் கோடு போட்டார். கம்பளி கடித்தது.

மாமனார் கிட்ட வந்தார். அக்காவை மேலும் கீழும் பார்த்து, குரலைத் தணித்து, "தம்பி, இவ ஆர்?" என்று கேட்டார்.

வாயைத் திறந்தேன். தமிழ் ஓடிவிட்டது. இங்கிலீசும் கூடவே போய்விட்டது.

"மெர்சி," என்றேன், மாமனாரைப் பார்த்தல்ல.

அக்கா என் முழங்கையை இறுக்கிப் பிடித்தார்.

"அழாதை," என்றார். "முன்னுக்குப் பார். நட."